கண் ஓர் அமானிதம்

(ஓசூரில் வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த நிகழ்ச்சி ஒன்றில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

கண் டாக்டர் மேடையேறினால் கீரை சாப்பிடுங்கள், கேரட் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். கீரை நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் இன்று நான் பேச வந்தது அதுவல்ல. ஒரு நோயாளி ஒரு மருத்துவனை எதை வைத்து நம்புகிறார், அந்த நம்பிக்கையை நாங்கள் எப்படிக் காக்கிறோம், எப்படிக் கெடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முதலில் நான் கெடுத்த கதையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஒரு பாட்டில் மருந்து

பல வருடங்களுக்கு முன் கிருஷ்ணகிரியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வயது நாற்பத்தாறு. கணக்கு நோட்டில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, படிக்கிற கண்ணாடி வேண்டும் என்றார். கண்ணாடிக்குப் பரிசோதித்தபோது கண்ணின் அழுத்தத்தையும் பார்த்தேன். அதிகமாக இருந்தது. உள்ளே பார்வை நரம்பைப் பார்த்தேன். அரிப்பு தொடங்கியிருந்தது. கண் நீர் அழுத்த நோய். ஆங்கிலத்தில் கிளாக்கோமா என்பார்கள்.

அன்று வெளியே எழுபது பேர் காத்திருந்தார்கள். நான் சீட்டில் சொட்டு மருந்தின் பெயரை எழுதினேன். "கண்ணில் பிரஷர் இருக்கிறது, இரவில் ஒரு சொட்டு போடுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்றேன். மணியடித்தேன். அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

அவர் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பி வந்தார். ரோட்டைக் கடக்கும்போது வலப்பக்கம் வந்த சைக்கிள் தெரியவில்லை, மோதி விழுந்துவிட்டேன் என்றார். பரிசோதித்தேன். வலக்கண்ணில் பார்வை நரம்பு ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. இடக்கண்ணில் பாதி போயிருந்தது.

"மருந்து போடவில்லையா?" என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

அவர் சொன்னார்: "போட்டேனே டாக்டர். அந்தப் பாட்டில் முடியுற வரைக்கும் ஒரு நாள் விடாம போட்டேன். வலியும் இல்ல, கண்ணாடி போட்டதும் எழுத்து நல்லா தெரிஞ்சுது. சரியாப் போச்சுன்னு நெனச்சேன். ஆயுசு பூரா போடணும்னு நீங்க சொல்லலையே?"

நான் சொல்லியிருப்பேன் என்று வாதாட வாய் வந்தது. ஆனால் அவர் வியாபாரி. பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். என் கையெழுத்து. மருந்தின் பெயர் இருந்தது, அழுத்தத்தின் எண் இருந்தது. வேறு ஒரு சொல் இல்லை.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை விடவில்லை. "நான் கோபமா கேக்கல டாக்டர். எங்க கடையில ஒருத்தர் பணத்தையோ நகையையோ கொடுத்து, வெச்சிருங்க பாய், வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டுப் போனா அதை அமானிதம்னு சொல்வோம். அது பெட்டியில இருக்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் சரியா வராது. அன்னிக்கு நான் உங்ககிட்ட வெச்சது ரெண்டு கண்ணு."

சகோதரர்களே, மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் இந்தச் சொல்லைக் கற்றுத் தரவில்லை. உங்களில் ஒருவர்தான் கற்றுத் தந்தார்.

இரண்டு நிமிடத்தின் விலை

அந்த நோயைப் பற்றி அன்று நான் சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அரிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. நேரே பார்ப்பது கடைசிவரை தெளிவாக இருக்கும். ஓரப் பார்வைதான் முதலில் போகும். அதனால் பாதி கண் போன பிறகும் மனிதன் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

கண்புரையினால் போன பார்வையை அறுவை சிகிச்சையால் மீட்டுவிடலாம். இதில் போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும். பெரும்பாலானவர்களுக்குச் சொட்டு மருந்து வாழ்நாள் முழுவதும் தேவை. சிலருக்கு லேசர் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாருக்காவது இது இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடிக் கடையில் நம்பர் மட்டும் பார்த்துக்கொண்டு போகாமல், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? இரண்டு நிமிடம். அன்று நான் மிச்சப்படுத்தியது அந்த இரண்டு நிமிடத்தைத்தான்!

அதற்குப் பிறகு என் மேஜையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். நோயின் பெயரைச் சொல்வது. அது எவ்வளவு நாள் இருக்கும் என்பதைச் சொல்வது. மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வது. கடைசியாக, "நான் சொன்னதை நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்பது. நோயாளி திருப்பிச் சொல்லும்போதுதான் அவருக்குப் புரிந்ததா என்பதும் தெரிகிறது, நான் ஒழுங்காகச் சொன்னேனா என்பதும் தெரிகிறது.

இலவசம் என்றும் வராதவர்கள்

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918ஆம் ஆண்டு எட்டயபுரம் அருகே வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட கையைப் பழக்கிப் பழக்கி, அந்தக் கையாலேயே கண் அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். மதுரையில் அரசு மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பின், 1976ஆம் ஆண்டில், தம் 58ஆம் வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்து, 2006ஆம் ஆண்டு மறைந்தார். பணம் உள்ளவர் கொடுப்பார், இல்லாதவருக்கு இலவசம், ஆனால் இருவருக்கும் மருத்துவம் ஒன்றே என்பது அந்த நிறுவனத்தின் அடிப்படை.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிராமங்களில் முகாம் நடத்தி, அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும், வர வேண்டியவர்களில் பலர் வரவில்லை. ஏன்? பஸ்ஸுக்குக் காசு யார் தருவது? சாப்பாடு? கூட வருகிறவரின் அன்றாடக் கூலி என்ன ஆவது? எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். கண்ணில் கத்தி வைத்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடுமோ என்ற பயம். போக்குவரத்தும் சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்துத் தந்த பிறகுதான் கூட்டம் வரத் தொடங்கியது. அதைவிடப் பெரிய விளம்பரம் எது தெரியுமா? பார்வை திரும்பி ஊருக்குப் போன ஒரு கிழவிதான். அவள் திண்ணையில் உட்கார்ந்து பேரனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தால், அந்தத் தெருவில் பத்துப் பேர் கிளம்பி வருவார்கள்.

அதுபோல லென்ஸ் கதையும் உண்டு. 1949ஆம் ஆண்டில் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் மனிதக் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் வைத்தார். அந்த யோசனை அவருக்கு எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் கண்ணாடி மறைப்பு உடைந்து, அதன் பிளாஸ்டிக் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்த் தங்கியிருந்தன. கண் அதை வெறுத்துத் தள்ளவில்லை. ஒருவனுடைய காயத்திலிருந்து இன்னொருவனுக்குப் பார்வை பிறந்தது. ஆனால் அந்த லென்ஸ் வெகுகாலம் நம் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992ஆம் ஆண்டில் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் இங்கேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை பல மடங்கு இறங்கியது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ என்ற கண் மருத்துவர் உள்ளே துளையுள்ள ஊசியைக் கொண்டு கண்புரையை உறிஞ்சி எடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். நம் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், வரைந்த படங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சென்னையின் கண் மருத்துவமனை தொடங்கியது 1819ஆம் ஆண்டில். நம் மண்ணுக்கும் சரி, உங்கள் வரலாற்றுக்கும் சரி, இந்தக் கலை புதிதல்ல. எழுதி வைப்பதும் புதிதல்ல. சரபோஜி காலத்திலேயே நோயாளியின் குறிப்பை எழுதி வைத்தார்கள். நான்தான் அன்று எழுதாமல் விட்டேன்.

"வீட்டில் நடந்தது என்று எழுதுங்கள்"

இனி நம் ஊருக்கு வருவோம். ஓசூர் என்றாலே பெரிய கம்பெனிகளின் பெயர்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறிய பட்டறைகள் எத்தனை! லேத், கிரைண்டிங், வெல்டிங் என்று சந்துக்குச் சந்து சத்தம். பர்கூர் பக்கம் போனால் கிரானைட். அங்கிருந்து எல்லாம் என்னிடம் வருவது ஒன்றுதான்: கண்ணில் பட்ட பொறி, இரும்புத் தூள், கல் சில்லு.

ஒரு நாள் மாலை இருபத்திரண்டு வயதுப் பையன் வந்தான். ஒடிசாக்காரன். தமிழும் வராது, கன்னடமும் வராது. கூட ஒரு சூப்பர்வைசர். சுத்தியலால் உளியை அடிக்கும்போது சில்லு தெறித்திருக்கிறது. பட்டறையில் ஒருவன் துணி முனையால் எடுக்கப் பார்த்திருக்கிறான். அது மேலே இருந்தால்தானே வரும்? கருவிழியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான் முதலுதவி செய்து பெங்களூருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அப்போது சூப்பர்வைசர் என்னைத் தனியே அழைத்தார். "சார், ரூம்ல ஆணி அடிக்கும்போது பட்டதுன்னு எழுதிடுங்க. செலவை நாங்க பார்த்துக்கறோம்."

அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஆனால் எண்ணிப் பாருங்கள். நான் அப்படி எழுதினால் என்ன ஆகும்? அந்தப் பையனுக்கு ஈ.எஸ்.ஐ. மூலமோ இழப்பீட்டுச் சட்டத்தின் மூலமோ வர வேண்டியது வராமலே போய்விடும். ஒரு கண்ணோடு ஊருக்குப் போய் அவன் ஆயுள் முழுவதும் என்ன செய்வான்? அவனுக்காகப் பேச இந்த ஊரில் இருந்தது என் கையெழுத்து ஒன்றுதான். வேலை செய்யும் இடத்தில் நடந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். அந்தப் பட்டறையிலிருந்து அதன் பிறகு யாரையும் என்னிடம் அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் போகட்டும்.

இங்கே பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே கண் பாதுகாப்புக்கென்று 35ஆம் பிரிவை எழுதி வைத்தார்கள். சுதந்திரம் வந்த மறு ஆண்டே அவர்களுக்கு இருந்த கவலை, இன்று உங்களுக்கு இருக்கக்கூடாதா? பாதுகாப்புக் கண்ணாடியின் விலை என்ன, ஒரு கண்ணின் விலை என்ன? வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. கீறல் விழுந்து மங்கிப்போன கண்ணாடியை எவனும் போடமாட்டான், மாற்றிக் கொடுங்கள். முதலாளி தாமே அதைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் நடந்தால் தொழிலாளி தானாகப் போடுவான்.

இளைஞர்கள் மூன்று செய்திகளை மனதில் கொள்ளுங்கள். கண்ணில் தூசு விழுந்தால் சுத்தமான நீரில் கழுவுங்கள். தீக்குச்சியோ ஊசியோ துணி முனையோ வேண்டாம். சுண்ணாம்போ ஆசிடோ பட்டால் டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன் அங்கேயே பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் நீரில் கழுவுங்கள். வேகமாகத் தெறித்த சில்லு உள்ளே போனது போலத் தோன்றினால் கழுவவும் வேண்டாம், கசக்கவும் வேண்டாம். அழுத்தாமல் ஒரு காகிதக் குவளையால் மூடி உடனே அழைத்து வாருங்கள். வலி குறைவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே தங்கிய இரும்பு மெல்லத் துருப்பிடித்துக் கண்ணைக் கெடுக்கும்.

கேட்டதையெல்லாம் கொடுப்பதா நம்பிக்கை?

நோயாளியின் பக்கம் நிற்பது என்றால் அவர் கேட்டதையெல்லாம் செய்வது என்று பொருளல்ல. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைகள் கூடும் ஊர். லாரி டிரைவர்கள் நிறையப் பேர் வருவார்கள். ஒருவர் லைசென்ஸ் புதுப்பிக்கச் சான்று கேட்டார். இரண்டு கண்ணிலும் புரை. "இருபத்தஞ்சு வருஷமா ஓட்டறேன் சார், ரோடு எனக்கு மனப்பாடம். நீங்க எழுதலைன்னா என் குடும்பம் பட்டினி" என்று கண் கலங்கினார்.

எழுத முடியாது என்றேன். ஆனால் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவர் நாளை வேறொருவரிடம் நூறு இருநூறு கொடுத்து வாங்கிவிடுவார். ஆகவே உட்கார வைத்தேன். "உங்கள் நோய் தீரும் நோய். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மறு கண். அதன் பிறகு நானே சந்தோஷமாக எழுதித் தருகிறேன். அதுவரை முதலாளியிடம் வேறு வேலை கேட்போம், நானே பேசுகிறேன்" என்றேன். பேசினேன். இரண்டு மாதம் அவர் ஷெட்டில் சரக்கு எண்ணினார். பிறகு சான்று வாங்கிக்கொண்டு லாரி ஏறினார். எதிரே வரும் வண்டியில் இருப்பவனும் என்னை நம்புகிறான், அவன் என்னைப் பார்த்ததே இல்லை என்றாலும்.

நாற்காலியில் இருப்பவரிடம் பேசு

எங்கள் பக்கம் ஒரே நாளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் வரும். இந்திக்காரப் பிள்ளைகளும் வருவார்கள். உருது மட்டுமே பேசும் ஒரு வயதான அம்மாவை மகன் அழைத்து வந்தார். நான் எது கேட்டாலும் மகனே பதில் சொன்னார். வலிக்கிறதா? இல்லை. மருந்து போடுகிறார்களா? போடுகிறார்கள். மூன்று முறை வந்தும் புண் ஆறவில்லை. நான்காம் முறை உருது தெரிந்த எங்கள் நர்ஸை அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்து, மகனை வெளியே இருக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் உண்மை வந்தது. கை நடுங்குவதால் அந்த அம்மாவால் சொட்டு மருந்தைக் கண்ணில் விட முடியவில்லை. பாதி கன்னத்தில் வழிந்துவிடும். மருமகளைக் கேட்கக் கூச்சம், மகனிடம் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்ற பயம். நோய்க்கு மருந்து மாற்ற வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் பேத்திக்குச் சொட்டு விடக் கற்றுக் கொடுத்தோம். புண் ஆறிவிட்டது.

உங்கள் வீட்டுப் பெண்களை அழைத்து வரும்போது அவர்களே பேச விடுங்கள். திரை வேண்டும் என்றாலும், பெண் பணியாளர் உடன் இருக்க வேண்டும் என்றாலும் தயங்காமல் கேளுங்கள். அது உரிமை. ஆனால் நோயை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும்.

ரமலானில் இன்னொரு கவலை எனக்கு வரும். நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து பலர் ஒரு மாதம் முழுவதும் பகல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இது என் துறையல்ல என்பதால் இங்குள்ள இமாம் ஒருவரிடமே போய்க் கேட்டேன். ஹனபி, ஷாபி இரண்டு மத்ஹபுகளின் சட்ட நூல்களிலும் கண்ணில் மருந்திடுவது நோன்பை முறிக்காது என்றே இருக்கிறது என்று அவர் விளக்கினார். அதைத் தமிழிலும் உருதுவிலும் எழுதி என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதுபோலவே கண் அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்கள் குனியக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், தொழுகையை எப்படித் தொழுவது என்று உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். கேட்காமல் மருந்தையும் விட வேண்டாம், மனத்தையும் வருத்த வேண்டாம்.

தராசும் சீட்டும்

வணிகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தராசில் எடை குறைப்பவனை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கும் மருத்துவனும் அதே இனம்தான். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இதைத் தெளிவாகத் தடை செய்கின்றன. அதே விதிகளில் உங்களுக்கு ஓர் உரிமையும் இருக்கிறது. உங்கள் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

தவறே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. 2008ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் இலவச முகாமைத் தொடர்ந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 66 பேர் கிருமித் தொற்றால் பார்வையை இழந்தார்கள். ஏழைகள், வயதானவர்கள். அந்தச் செய்தி வந்த காலத்தில் என்னிடம் புரைக்கு நாள் குறித்திருந்த பலர் வரவேயில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஓரிடத்தில் உடைந்த நம்பிக்கைக்கு எல்லா மருத்துவர்களும் கடன்காரர்கள்.

இலவசமாகச் செய்துகொண்டவனுக்குக் கேட்க உரிமையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1995ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்று தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோரே என்றும் சொன்னது. ஆகவே தவறு நடந்தால் பதிவேட்டைக் கேளுங்கள், இரண்டாவது மருத்துவரிடம் காட்டுங்கள், வழக்குப் போடுங்கள். கண்ணாடியை உடைத்து, மருத்துவரை அடித்தால் மட்டும் உங்கள் பக்கத்து நியாயமும் அந்தக் கண்ணாடியோடு சேர்ந்து நொறுங்கிவிடும். அடுத்த முறை சிக்கலான நோயாளி வந்தால் எந்த மருத்துவரும் கை வைக்கத் துணியமாட்டார், பெங்களூருக்குப் போ என்று தள்ளிவிடுவார். நட்டம் யாருக்கு?

நம்பிக்கை இரண்டு பக்கமும் நடக்க வேண்டிய பாலம். நீங்களும் எங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்ட சொட்டு மருந்தை மறைக்காதீர்கள். சிவப்புக் கண்ணுக்கு ஒருவர் போட்ட பாட்டிலை வீடே போடுவது இங்கே வழக்கமாக இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சட்டென்று குறையும், ஆனால் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடும், புரை வரும், புண் இருந்தால் அது முற்றிவிடும். இலைச்சாறு விட்டேன், தாய்ப்பால் விட்டேன் என்றாலும் சொல்லுங்கள். நான் திட்டமாட்டேன். முன்பு திட்டியிருக்கிறேன், அதனால் மறைத்தார்கள், அதனால் கண் போயிற்று. சர்க்கரை நோயாளிகள், பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டுங்கள். பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள். துணிக்கடைக்காரர் வைத்திருந்தாரே, அப்படி.

இளைஞர் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் நடத்துகிறீர்கள், பேனர் கட்டுகிறீர்கள், போட்டோ எடுக்கிறீர்கள். நல்லது. ஆனால் முகாம் முடிந்த மறு வாரம்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தவர் வந்தாரா? வராவிட்டால் ஏன்? செய்துகொண்டவருக்கு நான்கு வேளை சொட்டு விட ஆள் இருக்கிறதா? தெருவுக்கு ஒரு இளைஞன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இதைக் கவனித்தால் போதும். ஜாதி மதம் பார்க்காமல், தமிழன் ஒடியா என்று பார்க்காமல் கவனியுங்கள். கண்ணுக்கு அது தெரியாது.

அந்த நாற்காலி

முடிக்கிறேன். அந்தத் துணிக்கடைக்காரர் அதன் பிறகு என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அன்று அவர் வேறு மருத்துவரைத் தேடிப் போயிருக்கலாம். போகச் சொல்லி நானே இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தேன். "என் கவனக்குறைவு இதில் இருக்கிறது. வேறொருவர் பார்ப்பது உங்களுக்கு நல்லது" என்றேன். அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதினேன்.

அவர் போய்க் காட்டிவிட்டு வந்தார். அங்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். இடக்கண்ணில் மிச்சமிருந்த பார்வை இன்றுவரை நிற்கிறது. மருந்தை ஒரு நாளும் விடுவதில்லை.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் அறைக்குள் நுழைந்தார். பின்னால் மூன்று பேர். "இவங்க என் தம்பிங்க. பெரியவன் பேரிகையில கடை வெச்சிருக்கான். அடுத்தவன் மாங்காய் மண்டி. சின்னவன் உங்க ஊர் பட்டறையிலதான். கூடப் பிறந்தவங்களுக்கும் வரும்னு நீங்க அன்னிக்கு சொன்னீங்களே. பாருங்க" என்றார்.

"என்னிடமா அழைத்து வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க இனிமே மறக்கமாட்டீங்கல்ல?" என்றார்.

மூவரையும் பார்த்தேன். நடுத்தம்பிக்கு நோய் தொடங்கியிருந்தது, ஆனால் பார்வை எதுவும் போயிருக்கவில்லை. நோயின் பெயரைச் சொன்னேன். ஆயுள் முழுவதும் மருந்து போட வேண்டும் என்றேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொன்னேன். சீட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். பிறகு, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றேன்.

தம்பி சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற அண்ணன், ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.